ஒளிச் சான்றிதழ்

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தபோது, சண்முகசுந்தரியின் இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ விரலில் தட்டியது. அமுக்கிப் பார்த்தாள். வலிக்கவில்லை, நகரவும் இல்லை. வலிக்கவில்லை என்பதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஐம்பத்துமூன்று வயதில் உடம்புக்குப் புதிதாக எது வந்தாலும் வலியோடு வந்துதான் அவளுக்குப் பழக்கம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு என்ன அவசியம்? மனுஷ உடம்பைச் சுற்றி ஓடுகிற ஒளியை வெறுங்கண்ணால் பார்த்து, எந்த உறுப்பில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆளே வீட்டில் இருந்தார். அவளுடைய கணவர் குமரகுருபரன்தான் அது.

கல்யாணத்தின்போது அவருக்கு இந்தத் திறமை கிடையாது. அப்போது அவர் தாலுகா ஆபீஸில் வெறும் எழுத்தர். முப்பத்தைந்து வருஷம் பட்டாவும் சிட்டாவும் புரட்டி, துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றார். தாசில்தார் ஆக முடியவில்லை என்கிற வருத்தம் உண்டு. தாசில்தார் என்றால் பச்சை மையில் கையெழுத்துப் போடலாம். அந்த ஒரு எட்டு அவரிடமிருந்து தள்ளியே நின்றுவிட்டது. ஓய்வு பெற்ற மறுநாள் முதல் தெருவில் யாரும் எழுந்து நின்று கும்பிடவில்லை. பால் கொண்டுவருகிறவன்கூட சைக்கிளில் உட்கார்ந்தபடியே பேசினான். மனுஷன் ஆறே மாதத்தில் பாதியாக இளைத்துப்போனார்.

அந்தச் சமயத்தில்தான் குற்றாலத்தில் ரெய்கி முகாம் நடந்தது. ஜப்பானில் பிறந்து, அமெரிக்கா போய், பம்பாய் வழியாக ஐந்தருவிப் பக்கம் வந்து சேர்ந்த, உள்ளங்கையால் நோய் தீர்க்கிற வித்தை. முதல் நாள் முதல் நிலை, இரண்டாம் நாள் இரண்டாம் நிலை. மூன்றாம் நாள் நல்ல சாரல் என்பதால் எல்லாரும் அருவியில் குளித்துவிட்டுக் கலைந்தார்கள். சர்வீஸில் கிடைக்காத பதவி உயர்வு குமரகுருபரனுக்கு இங்கே நாற்பத்தெட்டு மணி நேரத்தில் இரண்டு முறை கிடைத்தது.

ஜப்பான் பேர் நம்ம ஊரில் எடுபடாது என்று அதற்கு 'ஜீவஒளி' என்று பேர் வைத்தார். பாளையங்கோட்டையில் தம் வீட்டு முன்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒளி பார்த்தார். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நாலு பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவருக்கு வேண்டியிருந்தது கும்பிடுதான். அது தாராளமாகக் கிடைத்தது.

மற்ற ஊர்களில் ஒளி பார்க்கிறவர்கள் வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். குமரகுருபரன் காகிதம் கொடுத்தார். அச்சடித்த படிவம். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஒளியின் நிறம், அகலம் அங்குலத்தில், நான்கு எல்லைகள். கீழே 'வில்லங்கம்' என்று ஒரு கட்டம். அதில் 'இல்லை' என்று எழுதி, வட்ட முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். மருந்து கொடுத்து அனுப்பினால் ஜனங்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். முத்திரை குத்தின காகிதத்தை யார் தூக்கிப் போடுவார்கள்? நிலத்துக்கு வில்லங்கம் இல்லை என்று சான்று வாங்குகிற மாதிரி உடம்புக்கும் வாங்கிக்கொண்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதலில் சண்முகசுந்தரிதான் முக்காலியில் உட்கார வேண்டும். குறையே இல்லாத ஒளி எப்படி இருக்கும் என்று ஜனங்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டுமல்லவா? அவர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அவள் உடம்புக்கு நாலு அங்குலம் தள்ளியே வைத்து, தலையிலிருந்து கால் வரைக்கும் பையக் கொண்டுபோவார். தொடக்கூடாது என்பது முறை. வீட்டில் வேறு எந்த முறையிலும் அவர் அவளைத் தொட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

சித்திரை மாதம் முதல் ஞாயிறு. வருஷப் பிறப்புக் கூட்டம், நாற்பது பேருக்குக் குறையாது. சண்முகசுந்தரி முக்காலியில் உட்கார்ந்தாள். கைகள் தலையைக் கடந்தன, கழுத்தைக் கடந்தன. மார்புக்கு நேராக வந்து ஒரு கணம் நின்றன. அவள் மூச்சைப் பிடித்தாள். குமரகுருபரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். செருமுவதற்காகத்தான் நின்றிருக்கிறார். கைகள் வயிற்றுக்கு இறங்கிவிட்டன.

"இடது பக்கம் நல்லாப் பாத்தியளா?" என்று கேட்டுவிட்டாள்.

மாதிரி பேசி யாரும் பார்த்ததில்லை. குமரகுருபரன் கண்ணைத் திறந்து சிரித்தார்.

"இடது பக்கம் சந்திரன் பக்கம். பால் மாதிரி இருக்கு."

"அப்ப அண்ணாச்சி வீட்டுக்குப் பால் வாங்க வேண்டியதில்ல" என்றார் தேவசிகாமணி. ஆழ்வார்குறிச்சியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, கூட்டத்துக்கு அர்த்தம் சொல்லுகிறவர். எல்லாரும் சிரித்தார்கள். குமரகுருபரன் அந்தச் சந்தோஷத்திலேயே அவளுக்கும் ஒரு சான்றிதழ் எழுதினார். நிறம்: வெண்மை. அகலம்: ஒன்பது அங்குலம். வில்லங்கம்: இல்லை.

அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அவளைப் பைத்தியக்காரி என்று நினைக்கக்கூடாது. மேஜை மேலிருக்கிற தம் மூக்குக்கண்ணாடியை அவரால் கண்டுபிடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தாலுகா ஆபீஸ்காரரோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவள். மூணு தலைமுறையாக உழுத நிலத்தைக் காகிதப்படி உன்னுடையது இல்லை என்று அவர் சொல்லக் கேட்டுவிட்டு, வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறாள். காகிதம் ஒன்று சொல்லிவிட்டால் மண்ணே அதற்குக் கட்டுப்படுகிறது. சுண்டைக்காய் கட்டுப்படாதா?

கட்டுப்படவில்லை. ஆடி மாதத்தில் அது நெல்லிக்காயாக இருந்தது. தோசைக்கு ஆட்டினால் இடது கை தோள் வரைக்கும் கடுத்தது.

"ஏங்க, எனக்கு இன்னொரு மட்டம் பாத்துச் சொல்லுதியளா?" என்று சாப்பாடு பரிமாறும்போது கேட்டாள்.

"எதுக்கு?"

"சும்மாதான். கை கொஞ்சம் கடுக்கு."

"ஏட்டி, சித்திரையில குடுத்தது அடுத்த சித்திரை வரைக்கும் செல்லும். நடுவுல இன்னொண்ணு குடுத்தா முன்ன குடுத்தது தப்புன்னு ஆயிராதா? நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன பதில் சொல்லுதது?"

"யாரு கேக்கப் போறா?"

"கேக்க மாட்டான்னு நெனச்சு எழுதக்கூடாது. கேப்பான்னு நெனச்சுதான் எழுதணும். ரசத்தை ஊத்து."

அவள் ரசத்தை ஊற்றினாள்.

ஐப்பசியில் விக்கிரமசிங்கபுரத்துக்காரர்கள் ஒரு பெரிய முகாம் ஏற்பாடு செய்தார்கள். கல்யாண மண்டபம், மைக் செட், வாழைமரம். வாசலில் கட்டியிருந்த துணியில் 'தாமிரபரணி தந்த ஒளிச்செம்மல்' என்று எழுதியிருந்தது. பட்டத்தைக் கொடுத்தவர் தேவசிகாமணி. மில்லில் ஷிஃப்ட் முடிந்த ஆண்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவே ஐயாவுக்கு மாலை போடட்டும் என்று மைக்கில் சொன்னார்கள்.

ஆள் உயர ரோஜா மாலை. சண்முகசுந்தரி இரண்டு கையாலும் தூக்கினாள். வலது கை மேலே போனது. இடது கை தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மாலை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒளிச்செம்மலின் காதில் மாட்டித் தொங்கியது. மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அவரும் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே காதை விடுவித்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பொம்பளை சிரிக்கவில்லை. மைதீன் பாத்திமா. அம்பாசமுத்திரம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். மகன் அலி அஸ்கர் துபாயிலிருந்து நாலு மாதமாகப் போன் பண்ணவில்லை. அவன் ஒளி எப்படி இருக்கிறது என்று கேட்க வந்திருந்தாள். மேடையைப் பார்த்தவள் எழுந்து, மணமகள் அறைக்குள் காப்பி குடிக்கப் போன சண்முகசுந்தரியின் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"யம்மா, தப்பா நெனைக்காத. நான் நர்ஸு. அந்தக் கையைத் தூக்கு பாப்போம்."

"சுளுக்கு யக்கா."

"சுளுக்குக்காரி தோளைப் புடிப்பா. நீ கக்கத்தைப் புடிக்க. எங்கன இருக்கு, காட்டு."

சண்முகசுந்தரி காட்டினாள். எட்டு மாதத்தில், அதற்கும் எத்தனையோ வருஷத்துக்கு முன்பிருந்தே, அந்த உடம்பில் நாலு அங்குலத்துக்கு உள்ளே வந்த முதல் கை மைதீன் பாத்திமாவுடையதுதான். அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு கக்கத்துக்குப் போய் அங்கேயும் நின்றது.

"எத்தனை மாசமாச்சு?"

"பங்குனியில பாத்தேன்."

"யாருகிட்டயும் காட்டலையா?"

"அவுக பாத்தாக. ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காக."

"எழுதிக் குடுத்தாகளா? அந்தக் கட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

சண்முகசுந்தரி ரவிக்கையை இழுத்து மூடினாள். மைதீன் பாத்திமா அவள் ரவிக்கைக் கொக்கியைத் தானே மாட்டிவிட்டாள். "நானும் கிறுக்கச்சி மாதிரி இங்கன வந்துதான இருக்கேன். உன்னைச் சொல்லி என்ன?" என்று முனகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மகனைப் பற்றிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. குமரகுருபரன் அறைக்குள் வந்ததும் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னாள். மனுஷன் மனைவியைப் பார்த்தார். அடுத்தபடியாகக் கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே முந்நூறு பேர் இருந்தார்கள்.

"நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி."

"பாளையங்கோட்டையிலயா? அங்கன வாட்ச்மேன்ல இருந்து எல்லாரும் நம்ம சர்டிபிகேட் வாங்கினவங்க."

"சரி, நாகர்கோவிலுக்குப் போங்க. என்கூட வேலை பாத்த டாக்டரம்மா அங்கன இருக்கா. கட்டி எங்க போனாலும் அதே கட்டிதான்."

"ரெண்டு ஞாயித்துக்கிழமை ஏற்கெனவே சொல்லியாச்சு. அதை முடிச்சிட்டு…"

மைதீன் பாத்திமா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பாதியில் நிறுத்தினார். ஆனால் இரண்டு ஞாயிறும் முடிந்தபிறகுதான் போனார்கள். இரண்டு நாளும் சண்முகசுந்தரி முக்காலியில் உட்கார்ந்தாள்.

நாகர்கோவில் டாக்டரம்மா சோதித்துவிட்டு, ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, மூன்றாம் நாள் முடிவோடு இரண்டு பேரையும் உட்காரவைத்தார்.

"இது எப்ப இருந்து இருக்கு?"

குமரகுருபரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஃபைல் இல்லாமல் எங்கும் போவதில்லை. "சித்திரை முதல் ஞாயித்துக்கிழமை இது கிடையாது டாக்டர். ரிக்கார்டு இருக்கு" என்று காகிதத்தை எடுத்து நீட்டினார். கை பழக்கத்தில் நீட்டிவிட்டது. நீட்டியபிறகுதான் மனுஷனுக்கு உறைத்தது.

டாக்டரம்மா படித்தார். நிறம், அகலம், நான்கு எல்லைகள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"ஊருல ஒரு ஆளு" என்றார் குமரகுருபரன். "இந்தப் பொம்பளைங்க போய் வாங்கிட்டு வந்திருவாங்க. நாம சொன்னா கேக்கவா செய்யுதாங்க?"

சண்முகசுந்தரி திரும்பி அவரைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் தம் கையெழுத்தைத் தம்முடையது இல்லை என்று சொல்லி அவள் கேட்டதில்லை. சஸ்பெண்ட் ஆகிற நிலைமை வந்தபோதுகூட, போட்டது நான்தான் என்று நின்ற மனுஷன்.

"பங்குனியிலயே இருந்துது டாக்டர்" என்றாள். "எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "பங்குனியிலயே வந்திருந்தீங்கன்னா" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். கக்கத்துக்குப் போய்விட்டது, அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், திங்கட்கிழமையே வந்து சேர வேண்டும், அப்புறம் திருவனந்தபுரத்தில் கதிர் சிகிச்சை, அதாவது கரண்டு வைக்க வேண்டும், அதற்கு மேல் பார்ப்போம் என்றார். அந்தப் 'பார்ப்போம்' எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சண்முகசுந்தரி கேட்கவில்லை.

வெளியே வராந்தாவில் பெஞ்சுக்கு வந்ததும் குமரகுருபரன் கேட்டார்:

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்."

அவர் ஃபைலின் கயிற்றை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வேண்டாம் என்று சொல்லியனுப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் சண்முகசுந்தரியை முக்காலிக்குக் கூப்பிடவும் இல்லை. முதலாவதாக வந்தவர்கள் விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி முத்துமாலையும் அவன் பெண்டாட்டி உலகம்மாளும். அவளுக்குக் கழுத்தின் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி வீங்கியிருந்தது. அதைப் பார்ப்பதற்கு எந்த ஒளியும் தேவையில்லை.

குமரகுருபரன் கைகளை நீட்டினார். உடனே திருப்பி எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில காட்டுப்பா."

முத்துமாலைக்குப் புரியவில்லை. "என்ன ஐயா?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு எங்க ஊருலயே பஸ்ஸு இருக்கே ஐயா. இங்கன ரெண்டு பஸ் மாறி எதுக்கு வந்தோம்? அங்கன போனா அறுக்கணும்பான். நீங்க இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா இவ சோறு திம்பா. நாலு நாளா பட்டினி கிடக்கா."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஐயாவுக்குச் சக்தி இறங்கிட்டோ என்று பின்னால் யாரோ கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. குமரகுருபரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். படிவத்தை இழுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

உள்ளே நாகர்கோவிலுக்குச் சேலை மடித்துக்கொண்டிருந்த சண்முகசுந்தரி கூடத்துக்கு வந்து, அந்தக் காகிதத்தின்மேல் கையை வைத்தாள்.

"எழுதாதிய."

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கும் இதே மாதிரி எழுதித்தான் குடுத்தாக. அப்பவே எனக்கு நெஞ்சுல கட்டி இருந்துது. இப்ப புத்துநோய்னு சொல்லிட்டாக. செவ்வாக்கிழமை ஆபரேஷன். நீங்க எல்லாரும் ஒழுங்கா ஆஸ்பத்திரிக்குப் போயிக் காட்டுங்க."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். குமரகுருபரன் தலையைக் குனிந்துகொண்டார். ஆயிற்று, வாசலில் மாட்டியிருக்கிற 'ஜீவஒளி' பலகையைக் கழற்றிவிடலாம் என்று அவருக்கே தோன்றியிருக்கும். அப்போது முன்வரிசையில் தேவசிகாமணி மெள்ள எழுந்தார். கண்ணில் நீர்.

"இன்னுமா விளங்கல உங்களுக்கு? ஞாயித்துக்கிழமைதோறும் இந்த முக்காலியில முதல்ல உக்காந்தது யாரு? நம்ம நோவெல்லாம் இங்கனதான இறங்கிச்சு. இறங்கினது எங்க போச்சு, காத்துலயா போச்சு? அம்மா வாங்கிக்கிட்டாக."

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒரு பொம்பளை விம்மினாள். இன்னொருத்தி முன்னால் வந்து சண்முகசுந்தரியின் காலில் விழுந்தாள். அவள் பின்னாலேயே இரண்டு பேர்.

சண்முகசுந்தரி கணவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இது நிற்கும். குமரகுருபரன் தலை நிமிர்ந்தார். தொலைந்துபோன ஃபைல் கிடைத்துவிட்ட எழுத்தருடைய முகம் அது. நாகர்கோவிலிலிருந்து வந்தது முதல் அவரைத் தின்றுகொண்டிருந்த கணக்கு ஒரு நொடியில் நேராகிவிட்டது. சான்றிதழ் தப்பில்லை. சித்திரையில் இல்லைதான். பிறகுதான் வந்தது, ஊரார் கொடுத்து வந்தது.

"அதான் சுந்தரி" என்றார், தழுதழுத்து. "அதான் பாரு."

அவர் நடிக்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

முத்துமாலை உலகம்மாளை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தான். "அப்ப இதையும் வாங்கிக்கிடுங்கம்மா" என்று பணிவாகக் கேட்டான். "ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம்."

"தள்ளாதீங்க" என்றார் குமரகுருபரன் கூட்டத்தைப் பார்த்து. குரல் பழையபடி திரும்பியிருந்தது. "ஒவ்வொருத்தரா வாங்க."

சண்முகசுந்தரி உலகம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. தட்டில் சோறு போட்டு எதிரே உட்கார்ந்தாள். "ராத்திரி இங்கன தங்கு. நாளைக்குக் காலையில என்கூட நாகர்கோவிலுக்கு வா. உன் வீட்டுக்காரன்கிட்ட அம்மா சொன்னாகன்னு சொல்லு, கேப்பான்" என்றாள். அவன் கேட்டான். அம்மாவே கூட்டிப்போகிறார்கள் என்பதில் அவனுக்குப் பெருமைகூட.

குமரகுருபரன் செவ்வாய்க்கிழமை காலையில் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமைக்கும் ஜனங்கள் வருவதாகச் செய்தி வந்திருந்தது.

மைதீன் பாத்திமா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தாள். முன்சீட்டில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். வள்ளியூர் தாண்டியதும் வெளியே காற்று அடித்தது. பனைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. ஜன்னல் ஓரம் உலகம்மாள் முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ரொம்ப நேரமாக எதையோ கேட்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, எல்லாரு நோவையும் நெசமாவே நீங்கதான் வாங்கிக்கிட்டியளா?"

"இல்லட்டி" என்றாள் சண்முகசுந்தரி. "இது எனக்கு வந்தது. எனக்கு மட்டும் வந்தது."

உலகம்மாளின் முகம் விழுந்துவிட்டது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, தன் கழுத்தைத் தானே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.